மாடி அறையில் பெரிய மீன் தொட்டி: தளம் தாங்குமா?

கட்டடம் தொடர்பான வாசகர் ஐயங்களுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் பதிலளிக்கும் பகுதி இது. மீன் தொட்டியின் எடை பற்றி வந்த கடிதங்கள் பலவாக இருந்ததால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். எங்கள் கூடம் 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ளது, கான்கிரீட் தளம். அங்கே 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட கண்ணாடி மீன் தொட்டி ஒன்றை வைக்க வேண்டும் என்று என் மகன் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். தொட்டி செய்து தருபவர், "ஒன்றும் ஆகாது, எத்தனையோ வீடுகளில் வைத்திருக்கிறோம்" என்கிறார். கீழ்வீட்டுக்காரரோ, தளம் இடிந்து தம் தலையில் விழும் என்று அஞ்சுகிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: அம்மா, இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளம் நீங்கள் சொல்லும் அளவுள்ள தொட்டியைத் தாங்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கூடத்தின் எந்த இடத்தில் வைத்தாலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் தளம் எந்தத் திசையில் எந்தெந்த உத்தரங்களின்மீது தாங்கி நிற்கிறது என்பதை இருவருமே கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படும் ஆறுதலுக்கும் அச்சத்துக்கும் மதிப்பு ஒன்றுதான்.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். வெளி அளவுகளைப் பெருக்கினால் 648 லிட்டர் வரும். கண்ணாடியின் கனத்தைக் கழித்து, விளிம்புக்கு 5 செ.மீ. கீழே தண்ணீர் நிற்பதாகக் கொண்டால், உள்ளே கொள்வது சுமார் 550 லிட்டர், அதாவது 550 கிலோ. கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு என்பதால், 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ இருக்கும். ஐந்து பக்கங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 120 கிலோ. அடியில் 5 செ.மீ. மணல் பரப்பி நாலைந்து கற்களையும் வைத்தால், அவை இடம்பெயர்க்கும் தண்ணீரைக் கழித்த பிறகும் 70 கிலோ கூடும். தாங்கும் ஸ்டாண்டுக்கு 70 கிலோ. ஸ்டாண்டுக்குள் வடிகட்டித் தொட்டி ஒன்று வைப்பதானால் மேலும் 100 கிலோ. ஆக 900 கிலோவுக்குச் சற்று மேல் என்று கொள்ளுங்கள். வாங்கும்போது பலரும் தண்ணீரை மட்டும் கணக்கிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். இங்கே மற்றவற்றின் எடை மட்டுமே தண்ணீரின் எடையில் பாதிக்கு மேல் வருகிறது.

இனி, தளத்துக்கு என்ன கணக்கு என்று பார்ப்போம். வீட்டு அறைகளின் தளம் தன் சொந்த எடை, தரைப்பூச்சு, தடுப்புச் சுவர் ஆகியவற்றைத் தாங்குவதோடு, மக்களும் சாமான்களும் தரும் சுமையாக ஒரு சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிலோநியூட்டன் வரை தாங்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் கூறுகின்றன. 2 கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 200 கிலோ. இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரு வேறு தவறான முடிவுகளுக்கு மக்கள் வருகிறார்கள். தொட்டி நிற்கும் இடம் 1.08 சதுர மீட்டர். அதன்மேல் 900 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 830 கிலோ, அனுமதியைப்போல் நான்கு மடங்கு, எனவே தளம் உடைந்தே தீரும் என்பது ஒன்று. கூடத்தின் பரப்பு 20 சதுர மீட்டர், எனவே 4,000 கிலோ வரை வைக்கலாம், 900 கிலோ ஒரு பொருட்டே அல்ல என்பது மற்றொன்று. தளம் சதுர மீட்டர் சதுர மீட்டராகத் தனித்தனியே வேலை செய்வதில்லை என்பதால் முதலாவது தவறு. முழுப் பரப்பிலும் சமமாகப் பரவிய சுமையும் ஓரிடத்தில் குவிந்த சுமையும் தளத்தை ஒரே மாதிரி வளைப்பதில்லை என்பதால் இரண்டாவது தவறு.

தளத்தில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது வளைவு. இரண்டு செங்கற்களின்மேல் வைத்த பலகையின் நடுவில் ஏறி நின்றால் அது வளைகிறது. அதே ஆள் செங்கல்லை ஒட்டி நின்றால் வளைவது மிகவும் குறைவு. தளமும் அப்படியே. உங்கள் கூடத்தின் தளம் 4 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் உத்தரங்கள்மீது வெறுமனே தங்கியிருப்பதாக எளிமைப்படுத்திக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற விதிச்சுமை, ஒரு மீட்டர் அகலமுள்ள பட்டையின் நடுவில் 400 கிலோ-மீட்டர் வளைதிறனை உண்டாக்குகிறது. சுமை தளத்தை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதைக் காட்ட, எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவு அது. தொட்டியை உத்தரத்துக்கு இணையாகத் தளத்தின் நட்டநடுவில் வைத்தால், பட்டை ஒன்றுக்கு 500 கிலோ வீதம் சுமை வந்து, வளைதிறன் 460-ஐத் தாண்டுகிறது. தொட்டி ஒன்றே விதிச்சுமை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. சோபா, அலமாரி, வந்துபோகும் மனிதர்கள் யாருக்கும் மிச்சமில்லை. அதே தொட்டியை உத்தரத்திலிருந்து 10 செ.மீ. மட்டும் தள்ளி, அதை ஒட்டினாற்போல் வைத்தால், அதிகபட்ச வளைதிறன் 170-க்குக் கீழே இறங்கிவிடுகிறது, அதுவும் ஓரத்தில்தான். தளத்தின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வது 100 மட்டுமே. உண்மையில் சுமை பக்கத்துப் பட்டைகளுக்கும் ஓரளவு பரவும் என்பதால் எல்லா எண்களும் இன்னும் குறையும். ஆனாலும் இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு மாறாது. ஒரே வீடு, ஒரே தொட்டி. நகர்த்தியது ஒன்றரை மீட்டர்தான்.

"அப்படியானால் சுவரோரம் வைத்துவிட்டால் போதும்" என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். சுவரோரம் என்பதும் தாங்கும் ஓரம் என்பதும் எப்போதும் ஒன்றல்ல. எதிரெதிரே உள்ள இரண்டு உத்தரங்களில் மட்டும் தங்கும் தளத்தில், மற்ற இரண்டு பக்கச் சுவர்களின் அடியில் தாங்கல் எதுவும் இல்லாமலிருக்கலாம். அந்தப் பக்கச் சுவரை ஒட்டித் தொட்டியை நீளவாக்கில் வைத்தால், 900 கிலோவும் 60 செ.மீ. அகலமுள்ள ஒரே பட்டையின்மீது, இடைவெளியின் நடுப்பகுதியை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அக்கம்பக்கம் பரவுவதைச் சேர்க்காமல் பார்த்தால், அங்கே விதிச்சுமையின் வளைதிறனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது. ஓரப் பட்டை என்பதால் சுமை ஒரு பக்கமாகத்தான் பரவவும் முடியும். சுவரை ஒட்டிப் பத்திரமாக வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறு இது. அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

தூண்களும் உத்தரங்களும் கொண்டு எழுப்பிய இக்காலக் குடியிருப்புகளில் பெரும்பாலும் தளத்தின் நான்கு பக்கமும் உத்தரம் இருக்கும். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மிகாத தளம் இரு திசைகளிலும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். உங்கள் கூடம் அந்த வகையாக இருக்கக்கூடும். நீளம் இரு மடங்கைத் தாண்டினால், தளம் குறுகிய திசையிலேயே வேலை செய்கிறது. முக்கியக் கம்பிகளும் அந்தத் திசையில்தான் கிடக்கும். ஆனால் கூடத்தின் சுவர்களைப் பார்த்து உத்தரம் இருக்கும் இடத்தை ஊகிக்காதீர்கள். அறைகளைப் பிரிக்கும் மெல்லிய செங்கல் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். அதைத் தாங்குவதே இந்தத் தளமாக இருக்கலாம். கீழ்வீட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தால் உத்தரங்கள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அங்கே பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தால், குடியிருப்புச் சங்கத்திடமோ கட்டியவரிடமோ கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அறைகளைக் காட்டும் வரைபடம் இதற்கு உதவாது. கம்பியும் உத்தரமும் குறித்த வரைபடம் வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் அச்சத்தைப் போக்கவும் இதுவே நல்ல வழி: அவர் வீட்டுக் கூரையை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிரந்தரச் சுமையின்கீழ்க் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். வைத்த அன்று ஏற்படும் தொய்வைப்போல் மேலும் இரு மடங்கு வரை, ஐந்தாண்டு அளவில் சேர்ந்துவிடலாம். தொட்டி வைத்த மறுநாள் எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். தொட்டி செய்பவர் சொல்லும் "எத்தனையோ வீடுகள்" பற்றியும் இதையே சொல்வேன். பொறியாளர்கள் சுமையை ஒன்றரை மடங்கு அல்லது அதற்குச் சற்று மேலாகப் பெருக்கி வைத்துத்தான் தளத்தை வடிவமைக்கிறார்கள். ஆகவே தவறான இடத்தில் வைத்த தொட்டியும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த மிகுதி, சிமென்ட் குறைந்த கலவைக்கும் இடம் மாறிக் கட்டிய கம்பிக்கும் எதிர்பாராத கூட்டத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. அதை எடுத்து மீன் தொட்டிக்குச் செலவிட்டபின், உங்கள் தளத்தில் அப்படியொரு குறை இருந்தால் அதை ஈடுகட்ட ஒன்றும் இராது.

உங்களுக்கு என் யோசனை இது. வரைபடத்தின்படி உத்தரத்தின் மேலேயோ அதை ஒட்டியோ, அதற்கு இணையாகத் தொட்டியை நிறுத்துங்கள். இரண்டு உத்தரங்கள் சேரும் தூணோரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதே பகுதியில் புத்தக அலமாரி, இரும்பு பீரோ போன்றவற்றைக் குவிக்காதீர்கள். மொத்த எடை 300 கிலோவுக்குள் அடங்கும் தொட்டியாக இருந்து, தளமும் பழுதில்லாமல் இருந்தால், தாங்கும் ஓரத்தில் வைப்பதற்குப் பொறியாளரை அழைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 900 கிலோ வைக்கும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பது அவசியம். கொத்தனாரும் மேஸ்திரியும் அனுபவத்தில் பலவற்றை அறிந்தவர்கள் என்றாலும், உள்ளே எந்தக் கனத்தில் எத்தனை கம்பி கிடக்கிறது என்பதை மேலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரே கூடத்தில் முப்பது பேர் கூடுகிறோம், அது 2,000 கிலோவுக்கு மேல் இருக்குமே. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் நிற்கிறது. இவற்றைத் தாங்கும் கட்டடம் ஒரு மீன் தொட்டியைத் தாங்காதா?

பதில்: முப்பது பேர் கூடம் முழுவதும் பரவி நிற்கிறார்கள், சில மணி நேரத்தில் கலைந்துபோகிறார்கள். 20 சதுர மீட்டரில் 2,100 கிலோ என்பது சதுர மீட்டருக்கு 105 கிலோதான், விதிச்சுமையில் பாதி. அந்த விதிச்சுமை ஏற்படுத்தப்பட்டதே இத்தகைய கூட்டத்துக்காகத்தான். மீன் தொட்டி அதே சுமைக்கணக்கில் ஒரு பெரும் பங்கை இரவும் பகலும் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, விசேஷ நாளில் அந்த முப்பது பேரும் அதற்கு மேலாகத்தான் வருவார்கள். வந்தவர்கள் மீனைப் பார்க்கத் தொட்டியின் முன்னாலேயே கூடி நிற்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடித் தொட்டியைப் பொறுத்தவரை, முறையாகக் கட்டியவர்கள் அதைத் தூண்களின் தலைமேல் எழுப்பிய மேடையிலோ சுமை தாங்கும் சுவர்களின் சந்திப்பிலோதான் நிறுத்துவார்கள். அதன் எடை தளத்தின் வழியாகப் போகாமல் தூண் வழியாக நேரே கீழே இறங்கும். வரைபடத்திலேயே இடம் குறித்து, எடை சேர்த்துக் கணக்கிடப்பட்டது அது. உங்கள் வீட்டில் அது வெறும் தளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால், மீன் தொட்டியை விடுங்கள், முதலில் அதைப் பற்றி ஒரு பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது மரத்தளம் போட்ட பழைய வீடு. மாடியில் நடந்தாலே கண்ணாடி அலமாரி லேசாக அதிர்கிறது. 120 செ.மீ. நீளமுள்ள தொட்டி வைக்கலாமா?

பதில்: மரத்தளத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது பலகையை அல்ல, பலகைக்கு அடியில் வரிசையாகக் கிடக்கும் சட்டங்களை. அவை பெரும்பாலும் 40 முதல் 60 செ.மீ. இடைவெளியில் சுவருக்குச் சுவர் போடப்பட்டிருக்கும். தொட்டியின் நீளம் சட்டங்களுக்குக் குறுக்காக இருந்தால் மூன்று சட்டங்களாவது எடையைப் பகிர்ந்துகொள்ளும். இணையாக இருந்தால் முழு எடையும் ஒன்று அல்லது இரண்டு சட்டங்களின் தலையில் விழும். ஆகவே சட்டங்களுக்குக் குறுக்காக, அவை சுவரில் தங்கும் முனைக்கு அருகில் வைப்பதுதான் முறை. பலகையில் ஆணி அடித்த வரிசையைப் பார்த்தால் சட்டம் ஓடும் திசை தெரிந்துவிடும்.

ஆனால் நடந்தாலே அதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டங்கள் மெலிந்தவை, அல்லது இடைவெளிக்குப் போதாதவை, அல்லது எங்கோ முனை தளர்ந்திருக்கிறது என்பதன் அறிகுறி அது. சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் ஈரம் ஏறி மக்கும். கரையான் வருவதும் அங்கேதான். திருப்புளி கொண்டு குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரத்தில் முனை தடையின்றி இறங்கும். குழாய் பதிக்கவும் மின்கம்பி இழுக்கவும் சட்டத்தில் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சட்டத்தின் நடுப்பகுதியில் கீழ்விளிம்பை வெட்டியிருந்தால் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். பழைய சட்டத்தை ஒட்டி அதே நீளத்தில் புதிய சட்டத்தைப் போல்ட் போட்டு இணைப்பதும், சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் அடித்து அவற்றைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பதும் அனுபவமுள்ள தச்சர்கள் செய்யும் வேலைதான். அவை முடிந்து அதிர்வு நின்றபிறகே தொட்டியை நினையுங்கள். மரமும் நிரந்தரச் சுமையில் நாளாக ஆகத் தொய்யும். ஈரம் பட்டால் தொய்வு இன்னும் கூடும். மீன் தொட்டிக்குக் கீழே உள்ள மரத்தில் ஈரம் படாமல் காப்பது, தினமும் கவனம் வேண்டும் காரியம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக 500 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறோம். அண்மையில் ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் டைல்ஸ் வெடித்துவிட்டது. கீழ்வீட்டுக் கூரையிலும் மெல்லிய விரிசல் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆபத்தா?

பதில்: இரண்டையும் தனித்தனியே பாருங்கள். டைல்ஸ் வெடிப்பது பெரும்பாலும் தளத்தின் குறை அல்ல. உங்கள் தொட்டி 700 கிலோ இருக்கும் என்று கொண்டால், நான்கு கால்களில் ஒவ்வொன்றும் 175 கிலோவை உள்ளங்கையைவிடச் சிறிய இடத்தில் ஊன்றுகிறது. கான்கிரீட்டுக்கு அது பொருட்டல்ல. டைல்ஸ் ஒட்டும்போது அடியில் கலவை நிரம்பாமல் வெற்றிடம் விட்டிருந்தால், அந்த இடம் தாங்காது. சாவியாலோ நாணயத்தாலோ மற்ற டைல்ஸ்களைத் தட்டிப் பாருங்கள். அடி நிரம்பியது கனமாகவும், வெற்றிடமுள்ளது பொள்ளலாகவும் ஒலிக்கும். கால்களுக்குப் பதிலாக நீளமான அடிச்சட்டம் கொண்ட ஸ்டாண்டாக இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

ஆனால் டைல்ஸ் உடைந்து அந்தக் கால் 2 மி.மீ. இறங்கியிருந்தாலும், ஸ்டாண்டு முறுக்கிக்கொண்டு கண்ணாடியின் ஒட்டுகளை இழுக்கத் தொடங்கும். தளத்தைக் காட்டிலும் முன்னதாகத் தொட்டியே விட்டுவிடக் கூடும். இன்றே ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை நான்கு மூலைகளிலும் அளந்தாலும் சாய்வு தெரிந்துவிடும். சாய்ந்திருந்தால், தண்ணீர் நிறைந்திருக்கும்போதே காலின் அடியில் எதையாவது செருகித் தூக்க முயலாதீர்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மட்டம் சரிசெய்ய வேண்டும்.

கூரை விரிசலைக் கீழ்வீட்டுக்கே போய்ப் பாருங்கள். சிலந்தி வலையைப்போல் எல்லாப் பக்கமும் ஓடும் மயிரிழை விரிசல்கள் மேற்பூச்சில் வருபவை. பெரும்பாலும் தொட்டிக்கு முன்பிருந்தே இருந்திருக்கும். தொட்டிக்கு நேர் கீழேயோ தளத்தின் நடுவிலோ, உத்தரத்துக்கு இணையாக நேர்கோட்டில் ஓடும் விரிசலானால் அது வளைவினால் வந்திருக்கலாம். கான்கிரீட்டில் 0.3 மி.மீ. வரையிலான விரிசல் பொதுவாக ஏற்கப்படுவதுதான்; விரிசல் வளர்கிறதா என்பதே முக்கியம். இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே சிறிது பாரிஸ் சாந்து பூசி வையுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினாலோ சாந்து பிளந்தாலோ அது நகர்கிறது என்று அறியலாம். கூரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்தால் தொய்வையும் அளக்கலாம். 4 மீட்டர் தளத்தில் 16 மி.மீ. வரை என்பது பல விதிகளும் ஒப்பும் எல்லை. கட்டும்போதே இருந்த வளைவும் அதில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை அளந்ததோடு விடாமல் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

விரிசலோரம் பழுப்புக் கறை தெரிந்தால், பூச்சு உப்பி உதிர்ந்தால், அல்லது கம்பி வெளியே தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். வெப்பமூட்டியையும் மோட்டாரையும் முதலில் அணைத்துவிட்டு, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து எடையைக் குறையுங்கள். பொறியாளர் வந்து பார்த்த பிறகு மற்றவற்றை யோசிக்கலாம்.

கேள்வி: ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பிளைவுட் பலகை போட்டால் எடை பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: காலின் அழுத்தம் பரவும், டைல்ஸ் பிழைக்கும். தளத்தின் வளைவுக்கு அதனால் பயன் மிகவும் குறைவு. 18 மி.மீ. பலகை தானே வளைந்துகொடுக்கும். எடையை ஒரு மீட்டர் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் விறைப்பு அதற்கு இல்லை. தொட்டியின் எடையில் ஒரு கிலோவைக்கூடத் தளம் தாங்காமல் விடப்போவதும் இல்லை: மேலே இருப்பது அத்தனையும் கடைசியில் அதே உத்தரத்துக்குத்தான் போக வேண்டும். கீழிருந்து முட்டுக் கொடுப்பதாக இருந்தால், அந்த முட்டும் நேராக அடித்தளம் வரை இறங்க வேண்டும். கீழ்த்தளத்தின் நடுவில் முடியும் முட்டு, சுமையை அந்தத் தளத்துக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: பால்கனியில் வைக்கலாமா? நல்ல வெளிச்சம் இருக்கிறது.

பதில்: கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடிப்புக் கொண்டு நீட்டி நிற்கும் தளம் அது. கம்பி மேற்பகுதியில் இருக்க வேண்டும், கட்டும்போது அது மிதிபட்டுக் கீழே இறங்கியிருந்தால் வெளியே தெரியாது. அறைத்தளம் விரிசல்விட்டுத் தொய்ந்து எச்சரிக்கும். பால்கனி அந்த அவகாசத்தைத் தராமல் போகலாம். மேலும், நேர் வெயில் பட்டால் தண்ணீர் சூடேறிப் பாசி பெருகும். மீன்களுக்கும் அது நல்ல இடம் இல்லை.

கேள்வி: தரைத்தளத்தில் கடல்நீர்த் தொட்டி, 800 லிட்டர். எடையைப் பற்றிக் கவலையில்லைதானே?

பதில்: கீழே நிலவறையோ கழிவுநீர்த் தொட்டியோ இல்லாமல், நன்கு இறுக்கிய மண்மீது போட்ட தரையானால், எடை பெரும்பாலும் சிக்கலாகாது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். மண் சரியாக இறுக்கப்படாத இடத்தில் தரை ஒரு பக்கமாக இறங்கக்கூடும் என்பதால், வைக்கும் இடத்தில் தரை ஏற்கெனவே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பாமல், கால் பங்கு நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் பார்த்துப் பிறகு அடுத்த கால் பங்கு என்று நிரப்புங்கள்.

எடையைவிட உப்புதான் உங்களுக்குப் பெரிய விஷயம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தெறித்துச் சிந்தும் நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே தங்கி, அடுத்த முறை ஈரம் படும்போது கான்கிரீட்டின் நுண்துளைகளில் இறங்கும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைக் கிழித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மாடியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; முதல் நாள் சரியாகத் தாங்கிய தளம் பத்தாண்டில் கம்பி இளைத்துப் பலவீனப்படுவது இப்படித்தான். ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த நீர்புகாத் தட்டு ஒன்றை வையுங்கள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடம் விடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்த இடம் எதுவானாலும், அதைத் துடைப்பதோடு நிறுத்தாமல், நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.